காட்டின் வாசற்படி

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால், சமவெளி முடிந்து டார்லிங் மலைச்சரிவு எழுகிறது. அதன்மேல் அமைந்த புறநகர் கலமுண்டா. என் தமக்கையின் குடும்பம் அங்கே வாழ்கிறது. ஒரு செப்டம்பர் மாதத்தில் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். குளிர்கால மழை ஓய்ந்து இளவேனில் தொடங்கும் காலம் அது.

கலமுண்டா என்னும் பெயர், அம்மண்ணின் முதற்குடிகளான நூங்கார் மக்களின் மொழியில் வீட்டையும் காட்டையும் குறிக்கும் இரு சொற்கள் இணைந்து உருவானது என்பர். ஊரைப் பார்த்தபோது அப்பெயர் பொருத்தமாகவே தோன்றியது. வீட்டுத் தோட்டத்தின் வேலி முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. சிவந்த வாலுடைய கரிய காக்கட்டூக் கிளிகள் மரத்துக்கு மரம் கூச்சலிட்டுப் பறக்கின்றன.

முதல் நாள், வீட்டின் பின்புறத் தாழ்நிலத்தில் ஈர மண்ணில் நடந்து திரிந்தேன். பின்னர் ஊரின் பழைய இரயில் நிலையத்துக்குச் சென்றோம். அது இப்போது வரலாற்றுக் காட்சியகமாக விளங்குகிறது. இம்மலையில் வளரும் ஜாரா, நம் ஊர்த் தைல மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. செந்நிறமும் உறுதியும் கொண்டது. அதை வெட்டிக் கொண்டுசெல்ல, மரநிறுவனம் ஒன்று 1891ஆம் ஆண்டில் இங்கு இருப்புப்பாதை அமைத்தது. சரிவு செங்குத்தானது, ஆகவே இரயில் முன்னோக்கிச் சிறிது தொலைவும் பின்னோக்கிச் சிறிது தொலைவுமாக மாறி மாறி ஓடி மலையேறியது. ஜாரா மரம் தண்டவாளங்களைத் தாங்கும் கட்டைகளாகியது. கடல் கடந்து இலண்டன் மாநகரத் தெருக்களிலும் தளமாகப் பதிக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டில் அந்த இருப்புப்பாதை மூடப்பட்டது. இன்று அத்தடத்தில் மக்கள் நடைப்பயிற்சி செய்கின்றனர்.

வெட்டி வீழ்த்திய பெருமரத்தின் அருகே மனிதர்கள் பெருமிதத்தோடு நிற்கும் பழைய ஒளிப்படம் ஒன்றைக் கண்டேன். “இவர்களுக்கு மனம் எப்படி வந்தது?” என்று தமக்கையிடம் கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் பிப்புல்மன் நடைபாதைக்குச் சென்றோம். கலமுண்டாவில் தொடங்கி, தென்கடற்கரையிலுள்ள ஆல்பனி நகர் வரை ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் நீளும் காட்டுவழி அது. நூங்கார் மக்கள் நீர்நிலைகளைப் படைத்ததாகப் போற்றும் வாகல் என்னும் பாம்பின் உருவம், மஞ்சள் நிற முக்கோணப் பலகைகளில் வழிகாட்டுகிறது. காட்டுக்குள் நுழையும் இடத்தில் காலணிகளைத் துடைக்கத் தூரிகைகள் வைக்கப்பட்டிருந்தன. நான் அவற்றைக் கடந்து நடந்தேன்.

“தம்பி, நில். காலணியைத் துடைத்துவிட்டு வா” என்றார் தமக்கை.

“சேறு படியத்தானே காட்டுக்குப் போகிறோம், அக்கா?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. சற்றுத் தொலைவில் இலையின்றி நின்ற ஜாரா மரங்களைச் சுட்டிக்காட்டினார். பைட்டோப்தோரா சின்னமோமி என்னும் நுண்ணுயிரி மண்ணில் வாழ்ந்து வேர்களை அழுகச் செய்கிறது. வேர் அழுகினால் மரம் நீரின்றி வாடி மடிகிறது. அம்மாநிலத்தின் தென்மேற்குப் பகுதிக்கே உரிய தாவர இனங்களுள் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்நோய்க்கு ஆட்படக்கூடியவை. நோய் புகுந்த காட்டிலிருந்து அதை முற்றிலும் அகற்ற வழியில்லை. ஈர மண்ணோடு வண்டிச் சக்கரங்களிலும் காலணிகளிலும் ஒட்டிக்கொண்டே அது புதிய இடங்களுக்குப் பயணம் செய்கிறது.

“நம் வீட்டுக்குப் பின்னால் நேற்று நீ நடந்த இடத்திலும் மரங்கள் மடிகின்றன. நாங்கள் குடிவந்தபோது அந்தச் சரிவு பசுமையாக இருந்தது. இதெல்லாம் அறியாமல் எங்கெங்கோ நடந்துவிட்டு அங்கேயும் நடந்தோம். நோயை நாங்கள்தான் கொண்டுவந்தோமா, தெரியாது. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை” என்றார்.

நான் குனிந்து என் காலணிகளைப் பார்த்தேன். நேற்றைய மண் அடிப்பகுதியில் அப்படியே காய்ந்திருந்தது. கோடரி ஏந்திய மனிதர்களை நேற்று எவ்வளவு எளிதாகக் குறை கூறினேன்! அவர்கள் தாம் செய்வதை அறிந்து செய்தனர். நானோ காட்டின்மீது கொண்ட அன்போடு, அதன் அழிவைக் காலில் சுமந்து வந்திருந்தேன்.

வெளியே சென்று திரும்பினால் செருப்பை வாசலில் விட்டு, கால் கழுவிவிட்டே உள்ளே வர வேண்டும் என்பது எங்கள் அம்மாவின் கட்டளை. இன்றுவரை அதை நான் மீறியதில்லை. இங்கே மட்டும் ஏன் மறந்தேன்? காட்டை ஒரு வீடாக நான் கருதவில்லை. அதற்கு வாசற்படி உண்டு என்றும் எண்ணவில்லை. அந்த ஊரின் பெயரோ இரண்டையும் ஒருசேரச் சொல்லிக்கொண்டிருந்தது.

தூரிகையை எடுத்து, இடுக்குகளில் ஒட்டியிருந்த மண்ணெல்லாம் உதிரும்வரை தேய்த்தேன். நிமிர்ந்தபோது, பின்னால் ஒரு சிறுவன் தன் முறைக்காகக் காத்திருந்தான். தூரிகையை அவனிடம் நீட்டிவிட்டுக் காட்டுக்குள் அடியெடுத்து வைத்தேன்.