விடிந்தால் வீடு ரெடி... பக்கத்து வீட்டுக்கு யார் வருவார்?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள். மணல் லாரிக்குக் காத்திருந்து, கொத்தனார் பின்னால் அலைந்தவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும். ஆனால் ஓர் ஊரில் மட்டும் கதையே வேறு. சாயங்காலம் ஒரு கிட்டைக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் வைத்தால் போதும். மறுநாள் காலை 5 மணிக்கு, வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரத்தில், அங்கே பாலம் தயாராக நிற்கும்!

இந்த ஊர் எந்த மேப்பிலும் கிடையாது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2020 மார்ச் 20 அன்று வெளியிட்ட 'அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ்' என்ற வீடியோ கேமுக்குள் இருக்கும் தீவு இது. துப்பாக்கி, சண்டை, 'கேம் ஓவர்' எதுவும் இல்லை. மீன் பிடிக்கலாம், பூச்சி பிடிக்கலாம், வீடு கட்டலாம். உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேல் விற்ற இந்த கேமில், சொந்தத் தீவு வாங்கியவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

வந்து இறங்கியதும்...

தீவுக்குப் போக ஒரே வழி 'டோடோ ஏர்லைன்ஸ்' விமானம்தான். கவுன்ட்டரில் ஆர்வில், விமானியாக வில்பர் என இரண்டு டோடோ பறவைகள். விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களின் பெயர்கள் அவை. பறக்கவே தெரியாமல் அழிந்துபோன பறவைக்கு விமான கம்பெனி! தீவின் முதல் ஜோக் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

இறங்கியவர் கையில் ஒரு கூடாரம் கொடுக்கப்படும். எங்கே அடிப்பது என்பது அவர் இஷ்டம். கூடவே இன்னும் இரண்டு பேர் வந்து இறங்குவார்கள். இருவருமே விலங்குகள். ஒருவருக்கு உடற்பயிற்சிதான் மூச்சு. இன்னொருவர், அதட்டிக்கொண்டே அன்பு காட்டும் அக்கா ரகம். 'என் கூடாரத்தை இங்கே போட்டால் சரியாக இருக்குமா?' என்று இருவரும் யோசனை கேட்பார்கள். அன்று இரவு சுள்ளி பொறுக்கி, தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து ஊருக்குப் பெயர் வைப்பார்கள். ஒரு செங்கல்கூட இல்லாத இடத்தில் முதலில் உருவாவது ஊரின் பெயர்தான்.

வட்டி கேட்காத கடன்காரர்

இந்தத் தீவின் ரியல் எஸ்டேட் அதிபர் டாம் நூக். ஜப்பானில் வாழும் 'தனுகி' என்ற விலங்கின் உருவம் அவருக்கு. நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த, பார்ப்பதற்கு ரக்கூன் மாதிரி இருக்கும் விலங்கு அது. ஜப்பானில் பல கடைகள், உணவகங்களின் வாசலில் குண்டு வயிற்றுடன் ஒரு தனுகி பொம்மை நின்று வரவேற்கும். கியோட்டோவை அடுத்த ஷிகா மாநிலத்தில் உள்ள ஷிகராக்கி என்ற மட்பாண்ட ஊர் இந்தப் பொம்மைகளுக்குப் பேர்போனது. தலையில் ஓர் இலையை வைத்துக்கொண்டு நினைத்த உருவத்துக்கு தனுகி மாறும் என்பது அங்கே பாட்டிகள் சொல்லும் கதை. கேமிலும் கட்டில், மேஜை எதைக் கீழே போட்டாலும் இலையாகத்தான் விழும்.

கூடாரத்திலிருந்து வீட்டுக்கு மாற வேண்டும் என்றால் நூக் 98,000 'பெல்' கடன் கொடுப்பார். பெல் என்பது தீவின் பணம். அதை அடைத்தால் வீட்டைப் பெரிதாக்க 1,98,000. அதற்குப் பிறகு 3,48,000. இப்படி ஏறிக்கொண்டே போனாலும் வட்டி கிடையாது, தவணைத் தேதி கிடையாது, வாசலில் வந்து நின்று சத்தம் போடும் ஆள் கிடையாது. இ.எம்.ஐ கட்டும் யாருக்கும் இதுதான் இந்த ஊரின் பெரிய அதிசயம்!

பூச்சி கொடுத்தால் மியூசியம்

கட்டடங்கள் ரெடிமேட் என்றாலும் சும்மா கிடைத்துவிடாது. தீவில் பிடிக்கும் உயிரினங்களில் முதல் 5-ஐ நூக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், மியூசியத்துக்கான கிட் கைக்கு வரும். அதை வைத்த இடத்தில் மறுநாள் ஒரு கூடாரமும், உள்ளே பிளாதர்ஸ் என்ற ஆந்தையாரும் இருப்பார்கள். அவருக்கு இன்னும் 15 கொடுத்தால்தான் கூடாரம் கல் கட்டடமாகும். இதில் வேடிக்கை, மியூசியத்தின் காப்பாளரான அவருக்குப் பூச்சி என்றாலே குலைநடுக்கம். பட்டாம்பூச்சியை நீட்டினாலும் முகம் சுளித்துக்கொண்டேதான் வாங்குவார்.

கடை கட்ட மூன்று வகை மரக்கட்டைகள் தலா 30, இரும்புத் துண்டுகள் 30 வேண்டும். மரக்கட்டைகள் சுலபம். இரும்புக்குத்தான் திண்டாட்டம். தீவில் இருக்கும் பாறைகள் மொத்தமே ஆறு. ஒவ்வொன்றையும் அதிகபட்சம் எட்டு முறை தட்டிப் பொருள் எடுக்கலாம். அதற்குமேல் வேண்டும் என்றால் மறுநாள்தான்.

முதல் பாலத்துக்கு மர முளை 4, களிமண் 4, கல் 4 போதும். மறுநாள் காலையில் ஆற்றைத் தாண்டி நடந்து போகலாம். கடை, மியூசியம் போன்ற பெரிய கட்டடங்களுக்கு ஒரு நாள் கூடுதலாக ஆகும். கேமின் கடிகாரமும் வீட்டின் கடிகாரமும் ஒன்றுதான். வெளியே மாலை என்றால் தீவிலும் மாலை. கடிகாரத்தையே மாற்றி வைத்து நாளைத் தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மற்றவர்கள், தூங்கி எழுந்துதான் பாலத்தைப் பார்க்க முடியும்.

மியூசியமும் அப்படித்தான் நிறையும். 80 மீன்கள், 80 பூச்சிகள், 40 கடல் உயிரினங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம், ஒரு நேரம். வட அரைக்கோளத் தீவில் மின்மினி ஜூன் மாத இரவுகளில் மட்டுமே பறக்கும். தவறவிட்டால் அடுத்த ஜூன்தான்.

எங்கே வைப்பது?

இந்த ஊரில் எல்லோரையும் யோசிக்க வைக்கும் கட்டம் ஒன்று உண்டு. நூக் மூன்று வீடுகளுக்கான கிட்டைக் கையில் கொடுத்து, 'புதிதாக மூன்று பேர் வரப்போகிறார்கள், இடம் பார்த்து வையுங்கள்' என்பார். யார் வரப்போகிறார்கள் என்று தெரியாது. பூனையோ, தவளையோ, பென்குவினோ!

ஒரு வீட்டுக்கு நான்குக்கு நான்கு கட்டம் இடம் வேண்டும். கிட்டைக் கீழே வைக்கும் முன், 'கற்பனை செய்து பார்க்கிறேன்' என்று ஒரு வாய்ப்பு வரும். அதைத் தேர்ந்தெடுத்தால், இன்னும் கட்டாத வீடு நிழல்போல எழுந்து நிற்கும். ஆற்றோரம் வைக்கலாமா, பழ மரங்களுக்கு நடுவிலா, கடற்கரையைப் பார்த்தா? வெறும் பொம்மை வீடுதானே என்று ஆரம்பித்தவர்கள், கிட்டைத் தூக்கிக்கொண்டு தீவையே சுற்றி வருவார்கள்.

இடம் முடிவானதும் வேலை முடியாது. வருகிறவருக்காக வீட்டுக்கு உள்ளே மூன்று பொருள், வெளியே மூன்று பொருள் என ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு பொருட்களைச் செய்து வைக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவருக்காக நாற்காலி செய்து வைக்கும் அந்த நேரத்தில்தான், அதுவரை கட்டடமாக இருந்தது ஒருவருடைய வீடாகிறது.

தப்பான இடத்தில் வைத்துவிட்டால்? பிற்பாடு 50,000 பெல் கட்டி நகர்த்தலாம். விமான நிலையத்தையும் ஊர் நடுவில் இருக்கும் அலுவலகத்தையும் மட்டும் அசைக்கவே முடியாது.

தனிமையில் பிறந்த ஊர்

கட்டடம் கட்டும் கேமில் இவ்வளவு அக்கம்பக்கக் கவலை எதற்கு? பதில், இதை உருவாக்கிய கட்சுயா எகுச்சியின் வாழ்க்கையில் இருக்கிறது.

டோக்கியோவை ஒட்டிய சிபாவில் வளர்ந்தவர் எகுச்சி. 1986-ல், 21 வயதில், நின்டெண்டோவில் வேலை கிடைத்து கியோட்டோவுக்கு வந்தார். வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது. குடும்பமும் நண்பர்களும் பக்கத்தில் இல்லை. அவர்களோடு பேசுவதும் சும்மா சேர்ந்து இருப்பதும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போதுதான் புரிந்தது என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த ஏக்கத்திலிருந்து வந்ததுதான் இந்த வரிசையின் முதல் கேம், 2001 ஏப்ரலில் ஜப்பானில் வெளியான 'விலங்குகளின் காடு'. ஒரே ஊரில் நான்கு பேர் வரை வீடு வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு நேரத்தில் வந்து விளையாடி, மற்றவருக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகலாம். வேலை முடிந்து ராத்திரி தாமதமாக வீடு திரும்பும் அப்பாவும், பள்ளிவிட்டு வந்து விளையாடிய பிள்ளையும் ஒரே ஊரில் சந்தித்துக்கொள்ள ஒரு வழி அது.

இன்றும் தீவின் தபால் பெட்டியைத் திறந்தால், அவ்வப்போது அம்மாவிடமிருந்து கடிதமும் பரிசும் வந்திருக்கும். அம்மா நேரில் வருவதே இல்லை. ஊரை விட்டு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கடிதம் கொஞ்சம் வலிக்கும்.

நிஜ ஜப்பானின் ரெடிமேட் வீடுகள்

ரெடிமேட் வீடு என்பது ஜப்பானியர்களுக்கு விளையாட்டு மட்டும் அல்ல. கியோட்டோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கோபே நகரை 1995 ஜனவரி 17 அன்று நிலநடுக்கம் உலுக்கியது. 6,400-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். வீடிழந்தவர்களுக்காகச் சில மாதங்களில் ஏறத்தாழ 48,000 தற்காலிக வீடுகள் எழுந்தன. கட்டிய வேகம் பெரிய சாதனை.

முதியவர்களுக்கும் உடல்நலம் குன்றியவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்து, குலுக்கல் முறையில் வீடுகளை ஒதுக்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பல வருடங்கள் ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு மூலைக்குப் பிரிந்து போனார்கள். பக்கத்து வீட்டில் இருப்பவர் யார் என்றே தெரியாத வரிசை வீடுகளில், தனியாக இறந்து சில நாட்கள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். 'கொடோகுஷி' என்று ஜப்பானில் அழைக்கப்படும் இந்தத் தனிமை மரணம் அப்போது நாடு முழுவதையும் உலுக்கிய செய்தியானது.

2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு, ஒனகாவா என்ற கடலோர ஊரில் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் வேறு மாதிரி முயன்றார். ஒரு பேஸ்பால் மைதானத்தில் கப்பல் கன்டெய்னர்களை மூன்று மாடி வரை அடுக்கி 189 குடும்பங்களுக்கு வீடு அமைத்தார். கூடவே நடுவில் ஒரு சந்தையும், கூடிப் பழக ஒரு கூடமும். மக்கள் சந்தித்துக்கொள்ளும் இடமும் வீட்டோடு சேர்ந்தே வர வேண்டும் என்ற பாடம் அதில் இருந்தது.

நியூ ஹொரைசன்ஸ் இந்தச் சோகங்களைப் பற்றிய கேம் அல்ல. ஆனால் கிட்டைக் கையில் கொடுத்து, 'இவர் பக்கத்தில் யார் இருக்கட்டும்?' என்று அது கேட்கும் கேள்வி, நிஜத்தில் பலர் பதில் தேடிய கேள்விதான்.

ஊரடங்கில் ஒரு தீவு

கேம் வெளியான ஐந்தே நாளில் இந்தியாவில் ஊரடங்கு தொடங்கியது. பல நாடுகளில் அதே நிலை. வெளியே போக முடியாதவர்கள் விமானம் ஏறித் தீவுக்குப் போனார்கள். அப்போது ஒரு தீவில் ஒரே நேரத்தில் எட்டு பேர் கூட முடிந்தது. பிறந்தநாள், பட்டமளிப்பு, தள்ளிப்போன கல்யாணம் எல்லாம் அங்கே நடந்தன. யாரோ ஓர் இரவு யோசித்து வைத்த கிட்டிலிருந்து எழுந்த பாலங்களைத் தாண்டித்தான் அந்த விருந்தாளிகள் நடந்து வந்தார்கள்.

அவர்களில் பலர் பிறகு தீவுக்குத் திரும்பவில்லை. மாதக்கணக்கில் கழித்து எட்டிப் பார்த்தால் ஊர் முழுக்கக் களை மண்டியிருக்கும். வீட்டுக்குள் கரப்பான்பூச்சி ஓடும். ஆனால் பாலம் அப்படியே இருக்கும், மியூசியம் அப்படியே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, இத்தனை மாதம் எங்கே போனாய் என்று கேட்பார்.

சில நாட்களில் அவரே தலைக்குமேல் ஒரு குமிழியோடு யோசனையில் நடந்துகொண்டிருப்பார். அருகே போய்ப் பேசினால், ஊரை விட்டுக் கிளம்பலாமா என்று பார்க்கிறேன் என்பார். இருக்கச் சொல்லலாம், வழியனுப்பியும் வைக்கலாம். போகச் சொன்னால், மறுநாள் அவர் வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். அதற்கு மறுநாள் வீடே இருக்காது. நான்குக்கு நான்கு காலி மனையும், 'விற்பனைக்கு' என்ற பலகையும்தான் மிஞ்சும்.

அந்த இடத்தில் இன்னொரு வீடு சீக்கிரமே வந்துவிடும். ஆனாலும், 'இங்கேயே இரு' என்று சொல்லியிருக்கலாமோ என்று அந்தப் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறவர்கள் பலர்.