சுருதிக்கு ஏழு வயர்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் ஒஷாவா வீட்டு பேஸ்மென்டில் பாட்டு வகுப்பு. மாணவி என் ஒன்பது வயது மகள். சொல்லிக்கொடுப்பவர் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மா. அங்கே அப்போது பின்னேரம் ஐந்தரை. எங்களுக்குக் குளிர்கால நேரம் வந்தால் ஆறரை.

இணையத்தில் ஒலி போய்ச்சேரச் சற்றுத் தாமதமாகும். அதனால் இருவரும் சேர்ந்து பாட முடியாது. அம்மா ஒரு வரி பாடுவா, மகள் திருப்பிப் பாடுவாள். சுருதி எங்கள் கணினியில் ஓடும். அதில்தான் சிக்கல். விடாமல் ஒரே மாதிரி ஒலிக்கும் ஓசையை அழைப்புச் செயலி ஃபேன் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். தம்புராவும் அப்படித்தானே ஒலிக்கிறது!

"பிள்ளை சுருதியோட நிக்கிறாளோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அம்மா கேட்டா.

இரைச்சல் நீக்கியை நிறுத்தினேன். மைக்கையும் சுருதியையும் கலந்து அனுப்ப லினக்ஸில் ஜாக் போட்டேன். பால் டேவிஸ் தொடங்கிய இலவச மென்பொருள் இது. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பலகை மாதிரி, எந்த நிரலின் ஒலி எதற்குப் போகவேண்டும் என்று நாமே வயர் கொடுக்கலாம். அழைப்புக்கு இரண்டு, ஹெட்ஃபோனுக்கு இரண்டு, பதிவுக்கு மூன்று: மொத்தம் ஏழு. ஆனால் ஒரு நிரலை மூடினால் அதன் வயர்கள் போய்விடும். ஒவ்வொரு சனியும் கையால் கொடுத்துவந்தேன்.

ஒருநாள் அம்மா, தன் அம்மா பாடிய தாலாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தா. எங்கேயும் எழுதிவைக்காத பாட்டு. வகுப்பு முடிந்து பதிவைக் கேட்டால் அம்மாவின் குரலே இல்லை. அழைப்பிலிருந்து பதிவுக்குப் போகும் வயரை மறந்திருந்தேன்.

அன்றிரவே ஏஜே-ஸ்னாப்ஷொட் என்ற கட்டளைக் கருவியை நிறுவினேன். எல்லாம் சரியாக ஓடும்போது அதன் பெயரையும் ஒரு கோப்பின் பெயரையும் தட்டினால், ஜாக் இணைப்புகளையும் ஆல்சா மிடி இணைப்புகளையும் அந்தக் கோப்பில் எழுதிவைக்கும். மைனஸ் ஆர் சேர்த்துத் தட்டினால் அவற்றைத் திரும்பக் கொடுக்கும். மைனஸ் டி என்றால் பின்னணியில் காத்திருந்து, நிரல்கள் திறக்கத் திறக்க வயரைப் பொருத்தும். ஒன்று கவனியுங்கள்: அது நினைவில் வைப்பது பெயர்களை மட்டுமே. நிரலை மாற்றி, பெயரும் மாறினால் புதிதாகச் சேமிக்கவேண்டும். ஒலி அளவையும் அது சேமிக்காது.

அடுத்த வாரம் தாலாட்டைத் திரும்பப் பாடச் சொன்னேன். நடுவில் இரண்டு வரி அம்மாவுக்கு வரவில்லை. "போன கிழமை வந்ததடா, இப்ப வருகுதில்லை."

பழைய பதிவைப் போட்டேன். அதில் மகளின் குரல் இருந்தது. ஒவ்வொரு வரியையும் அவள் திருப்பிப் பாடியிருந்தாளே! பேத்தி பாடியதைக் கேட்டு அம்மா அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டா. இந்த முறை ஏழு வயரும் இருந்தன.

இப்போது கட்டளையைத் தட்டுவது மகளின் வேலை. தட்டிவிட்டு, "அப்பம்மா, ஒருக்கா சா பிடியுங்கோ" என்பாள். பதிவின் ஒலிமானி அசைந்த பிறகுதான் வகுப்பு தொடங்கும்.