மீன் வறுத்த கதை

பென்னாகரம் வட்டத்தில் பேச்சு தாமதமான பிள்ளைகளைப் பார்ப்பது என் வேலை. ஒகேனக்கல் பக்கம் போனால் ஆப்பிளும் ரயிலும் அச்சிட்ட பட அட்டைகளைப் பையிலிருந்து எடுப்பதில்லை. பரிசல் ஓட்டுபவர், எண்ணெய் மசாஜ் செய்பவர், மீன் வறுத்து விற்பவர் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். அக்கரை கர்நாடகம் என்பதால் சில வீடுகளில் தமிழும் கன்னடமும் கலந்தே புழங்கும். இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணாமல் ‘பேச்சு குறைவு’ என்று எழுதக் கூடாது.

நான் வைப்பது நான்கு படங்கள்: மீன் பிடிப்பது, கழுவி அரிவது, மசாலா தடவுவது, வறுப்பது. “என்ன நடந்துச்சு, சொல்லு கண்ணு.” ஐந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் முன்பின்னாக இல்லாமல் சொல்லிவிடுவார்கள். சிலர் மூச்சுவிடாமல் பேசுவார்கள். மீன், எண்ணெய், அடுப்பு எல்லாம் வரும். யார் பிடித்தது, எது முதலில், எதற்காக என்பது மட்டும் வராது. “செருப்பை எடு, கதவுகிட்ட வை, வந்து உட்காரு” என்றால் செருப்போடு நின்றுவிடுவார்கள். “வாய் மட்டும் எட்டூருக்கு இருக்கு, சொன்ன பேச்சைக் கேக்கமாட்டான்” என்பார் அம்மா. அது பிடிவாதமாக இல்லாமல், கேட்டதை மனதில் நிறுத்திவைக்க முடியாத திணறலாக இருக்கலாம்.

இதற்குக் காரணங்கள் பல. முதலில் காதைப் பரிசோதிக்க அனுப்புவேன். குறைமாதப் பிரசவமா, வலிப்பு உண்டா என்று கேட்பேன். எங்கள் விசாரணைப் படிவங்களில் பெரும்பாலும் விடுபடும் ஒன்று, கர்ப்ப காலத்தில் குடித்த மது. 1968-இல் பிரான்சில் மருத்துவர் பால் லெமுவான் அதனால் பிள்ளைகளுக்கு வரும் பாதிப்பைப் பதிவு செய்தார். 1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் ஜோன்ஸும் ஸ்மித்தும் இந்தப் பாதிப்புக்குப் பெயரிட்டார்கள். தாயின் ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குள் போகிறது. அதை உடைத்து வெளியேற்றும் அளவுக்குக் கருவின் ஈரல் முதிர்ந்திருப்பதில்லை. மூளை உருவாகும் ஒன்பது மாதமும் ஆபத்துதான். சிறிய கண் திறப்பு, மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பள்ளமில்லாத தோல் என்று முகத்தில் அடையாளம் தெரிவது சிலருக்கே. மற்றவர்களிடம் பேச்சிலும் நினைவிலும் நடத்தையிலும்தான் அது வெளிப்படும்.

இந்தியாவில் குடிக்கும் பெண்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) சொல்கிறது. அதனாலேயே கேட்காமல் விடுகிறோம். கேட்டாலும் “குடிப்பீங்களா?” என்று மாமியார் முன்னால் கேட்டால் “ஐயோ, இல்லீங்க” என்பதைத் தவிர எந்த மருமகள் வேறு பதில் சொல்வாள்? நான் தனியாக உட்காரவைத்து, சாப்பாடு, தூக்கம், வாந்தி என்று விசாரித்துக்கொண்டே வருவேன். “உடம்பு வலிக்கு, குளிருக்கு ஏதாவது எடுத்துக்கிட்டதுண்டா? கள்ளு, பிராந்தி, எதுவானாலும் சொல்லுங்கம்மா.” கள் குளிர்ச்சிதானே என்பார்கள் சிலர். கள்ளிலும் பீரிலும் பிராந்தியிலும் இருப்பது ஒரே ஆல்கஹால். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு வரம்பும் கிடையாது.

பதில் வந்ததும் பழி சொல்வதில்லை. கர்ப்பம் என்று தெரியும் முன்பே குடித்தவர்கள் உண்டு. வீட்டில் அடி வாங்கி, வலி மறக்கக் குடித்தவர்கள் உண்டு. நோயை முடிவு செய்வது மருத்துவர். எனவே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தருகிறேன். அதற்குள் பயிற்சி தொடங்கிவிடும்: ஒரு நேரத்தில் ஒரே ஏவல், சொல்லோடு கைச்சாடை, தினமும் ஒரே வரிசையில் வேலைகள், நான்கு படத்துக்குப் பதில் முதலில் இரண்டு. மூளையில் நேர்ந்த பாதிப்பை இது அழிக்காது. பள்ளியில் பிள்ளை ‘திமிர் பிடித்தவன்’ என்று பெயர் வாங்காமல் இருக்க உதவும்.

அந்தப் பதிலால் இன்னொரு பயனும் உண்டு. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மூத்ததைக் கூட்டிவரும் தாய்மார்கள் இருக்கிறார்கள். எந்த மாதத்தில் குடியை நிறுத்தினாலும் அன்றிலிருந்து கருவுக்கு நல்லதே. அதை அவரிடம் நேராகச் சொல்ல, முதலில் அவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.