29-ஆம் தேதிச் சாப்பாடு

கொலம்பியாவில் வேலை தேடி அலைகிறவர் 'ஒட்டகம் தேடுகிறேன்' என்பார். காமேயோ என்றால் ஒட்டகம். போகோத்தா தெருவில் அதுவே வயிற்றுப்பாட்டுக்குச் செய்யும் வேலை. இதே வாக்கியத்தை அவர் மத்ரித்தில் போய்ச் சொன்னால், போதைப்பொருள் விற்கும் ஆளைத் தேடுகிறார் என்று அர்த்தமாகிவிடும். ஸ்பெயின்காரர்கள் வேலையைக் 'கூர்ரோ' என்பார்கள். 'நல்ல கூர்ரோ கிடைத்திருக்கிறது' என்று ஒரு ஸ்பெயின்காரர் புவெனஸ் அயர்ஸில் சந்தோஷப்பட்டால், எவனையோ ஏமாற்றிக் காசு பார்க்கிறார் என்று கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சிலியில் வேலை 'பேகா'. ஸ்பெயினில் பேகா என்றால் முட்டுக்கட்டை. கியூபாவில் 'பிஞ்சா', மெக்சிகோவிலும் பெருவிலும் 'ச்சம்பா', அர்ஜென்டினாவில் 'லபூரோ'. பாடப்புத்தகத்திலும் அரசாணையிலும் எல்லா நாட்டுக்கும் 'த்ரபாஹோ' என்ற ஒரே சொல்தான். தெருவில் இறங்கியதும் ஒவ்வொரு ஊரும் உழைப்புக்குத் தனித்தனியாகப் பேர் வைத்துக்கொள்கிறது. ஓர் ஊரின் பிழைப்பு இன்னோர் ஊரில் குற்றமாக ஒலிக்கிறது.

நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுப் பேச்சைப் பள்ளியில் திருத்தினார்கள். சினிமாவில் ரவுடிக்கும் கோமாளிக்கும் எடுத்துக் கொடுத்தார்கள். டச்சுக்காரன் காசிலிருந்து துட்டு, உருதுவிலிருந்து நாஸ்தா, பேஜார் என்று கரையில் இறங்கிய எல்லாரிடமும் வாங்கிச் சேர்த்த பேச்சு அது. அதைக் கொச்சை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்தக் கோபத்தோடு ஒரு நம்பிக்கையும் வளர்ந்திருந்தது. மேல்தட்டு ஒதுக்கிய பேச்சு எந்த ஊரில் இருந்தாலும் அது ஏழையின் பக்கம்தான் நிற்கும் என்று நினைத்திருந்தேன். புவெனஸ் அயர்ஸின் தெருப்பேச்சான லுன்ஃபார்தோவைத் தேடிப் போனபோது அந்த நம்பிக்கையும் கூடவே வந்தது. ஒரு நகரம் தன் தெருப்பேச்சுக்கென்றே 1962-இல் ஓர் அகாடமி தொடங்கியிருக்கிறது என்பதைப் படித்த நாளிலேயே அந்த ஊர் எனக்குச் சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது.

போயேதோ பேட்டையில் பழைய சாப்பாட்டுக் கடை ஒன்று. இந்த மாதிரிக் கடைகளுக்குப் போதெகோன் என்று பேர். மேஜைமேல் துணிக்குப் பதிலாகக் காகிதம். சுவரில் கால்பந்துக் குழுப் படங்கள். பென்குவின் பொம்மை வடிவத்தில் பீங்கான் குவளைகள். அந்தப் பென்குவினின் அலகு வழியாகத்தான் சிவப்பு ஒயின் ஊற்றுகிறார்கள். அன்று கடையில் உட்கார இடமில்லை. தேதி 29. அர்ஜென்டினாவில் மாதாமாதம் 29-ஆம் தேதி ஞோக்கி சாப்பிடுவது வழக்கம். இத்தாலியக் குடியேறிகள் கொண்டுவந்த பண்டம் அது. உருளைக்கிழங்கை அவித்து மசித்து, மைதா சேர்த்துப் பிசைந்து, கட்டைவிரல் நுனியளவு கிள்ளி, முட்கரண்டியின் முதுகில் உருட்டி விடுவார்கள். ஒரு பக்கம் கட்டைவிரல் பதிந்த பள்ளம், மறுபக்கம் வரிவரியாகக் கோடு. 'தூக்கோ' என்ற தக்காளிக் குழம்பு அந்தக் கோடுகளில் தங்கும். சம்பளம் தீர்ந்துபோன மாதக் கடைசியில் கிழங்கும் மாவும்தான் வீட்டில் மிஞ்சியிருக்கும் என்பது ஒரு விளக்கம். சான் பந்தலியோன் என்ற புனிதர் ஓர் ஏழை வீட்டில் சாப்பிட்டுப் போன பின் தட்டுக்கடியில் பொற்காசு இருந்தது என்பது இன்னொரு கதை. கதையை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒரு நோட்டை மடித்துத் தட்டுக்கடியில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிக்கிறார்கள்.

எனக்கு ஒரு பெரியவரும் அவர் மகளும் இருந்த மேஜையில் இடம் கொடுத்தார்கள். பெரியவர் அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வு பெற்றவர். விரல் நுனிகள் தட்டையாக, தோல் தடித்து இருந்தன. லுன்ஃபார்தோ கேட்க வந்திருக்கிறேன் என்றதும் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"முதல்ல சொல்லைத் திருப்பிப் போடக் கத்துக்கணும். காஃபேன்னா ஃபேகா. டாங்கோன்னா கோதான். முஹேர்னா ஹேர்மு, பொம்பளை. திருப்பிங்கறதுக்கு ரெபேஸ். அதையும் திருப்பினா பெஸ்ரே. இந்த வித்தைக்குப் பேரே அதுதான்."

பணம் கட்டுவது 'பகார்'. அது 'கர்பார்' ஆகி, இன்று வங்கி ஊழியர்கூட இயல்பாகச் சொல்லும் சொல்லாகிவிட்டது. பேருந்துக்குப் 'போந்தி', பிரேசிலில் டிராமுக்கு வழங்கிய பெயர் எல்லை தாண்டி வந்து சக்கரம் மாறிவிட்டது. குழப்பம், ரகளை என்றால் 'கிலோம்போ'. அங்கோலாவின் கிம்புந்து மொழியிலிருந்து வந்த இந்தச் சொல், பிரேசிலில் தப்பியோடிய அடிமைகள் அமைத்துக்கொண்ட குடியிருப்பைக் குறித்தது. ரியோ தெ லா பிளாத்தா கரைக்கு வந்தபோது விலைமாதர் விடுதியாயிற்று. அப்புறம்தான் ரகளை. அடிமைகள் தங்களுக்கென்று கட்டிய ஊரின் பெயர் இன்று போக்குவரத்து நெரிசலைத் திட்டப் பயன்படுகிறது. அதைக் கேட்டபோது எனக்கு மனம் கனத்தது. பெரியவர் அதற்குள் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்.

அவர் தாத்தா ஜெனோவாவிலிருந்து வந்தவர். 1914 கணக்கெடுப்பின்போது இந்த நகரத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஓர் அறையில் ஒரு குடும்பம், நடுவில் பொது முற்றம், ஒரே குழாய் என்ற கொன்வென்தீயோ வீடுகளில் ஜெனோவாக்காரியும் கலீசியாக்காரனும் போலந்து யூதரும் தண்ணீருக்குச் சண்டை போட்டே ஒரு பேச்சை உண்டாக்கினார்கள். இத்தாலிய 'லவோரோ'தான் லபூரோ. படித்தவர்கள் கண்ணுக்கு இது திருடர் பாஷையாகப் பட்டது. அந்தோனியோ தெலபியானே 1894-இல் எழுதிய புத்தகத்துக்குத் தலைப்பே 'குற்றத்தின் மொழி'. பசித்துக் கப்பலேறி வந்தவர்கள் வேலைக்கும் காசுக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொண்ட சொற்களைப் போலீஸ் குறிப்பேட்டில் பட்டியல் போட்டால் அப்படித்தான் தெரியும். 1917-இல் கார்லோஸ் கார்தெல் பாடிய 'மி நோச்சே திரிஸ்தே' என்ற டாங்கோவுக்குப் பிறகு அந்தச் சொற்கள் இசைத்தட்டில் ஏறி, சீமான்கள் வீட்டுக் கூடத்துக்கும் போய்விட்டன. 1943-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் வானொலியில் லுன்ஃபார்தோ கூடாது என்றார்கள். பாடகர்கள் தங்கள் டாங்கோ வரிகளை நல்ல ஸ்பானிஷில் மாற்றிப் பாட வேண்டியதாயிற்று. 1949-இல் பாடலாசிரியர்கள் அதிபர் பெரோனைப் பார்த்து முறையிட்ட பிறகுதான் கெடுபிடி தளர்ந்தது.

"எங்கப்பா வானொலிக்கு முன்னாடி உட்கார்ந்து, அவங்க மாத்தின வரியை விட்டுட்டுப் பழைய வரியைச் சத்தமா பாடுவார்னு அம்மா சொல்வாங்க. என்னை லபூரோன்னு சொன்னதுக்குப் பள்ளிக்கூடத்துல நிக்க வெச்சிருக்காங்க" என்றார். எனக்கு அவரை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த நேரத்தில் ஞோக்கி வந்தது. பெரியவர் நோட்டை மடித்துத் தன் தட்டுக்கடியில் வைத்தார். மகள் தட்டுக்கடியிலும் ஒன்றை வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: "எங்க வீட்டு ஞோக்கிக்கும் ஞோக்கி வந்தாச்சு."

மகள் முட்கரண்டியைக் காகிதத்தின்மேல் வைத்தாள்.

ஞோக்கி என்பது ஆளுக்கும் பெயர். அரசாங்கச் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும். ஆள் அலுவலகப் பக்கம் தலைகாட்ட மாட்டான். மாதக் கடைசியில் சம்பளம் வாங்க மட்டும் 29-ஆம் தேதி ஞோக்கி மாதிரி வந்து சேருவான். அமைச்சரின் மச்சானை, கட்சித் தலைவரின் அடியாளை நினைத்து உண்டான சொல். நல்ல சொல்தான். ஆனால் 2016 தொடக்கத்தில் அதிபர் மக்ரியின் அரசு ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்களை வெளியே அனுப்பியபோது, போனவர்கள் எல்லாரும் ஞோக்கிகள் என்று பேச்சு கிளப்பப்பட்டது. 2024-இல் அதிபர் மிலேயின் அரசு ஒப்பந்தங்களைப் புதுப்பிக்காமல் விட்டபோதும் அதே சொல் திரும்பி வந்தது. மகள் அரசு ஆவணக் காப்பகம் ஒன்றில் பழைய கோப்புகளுக்கு அட்டவணை போடுகிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் ஒப்பந்தத்தை நீட்டிக்கிறார்களாம்.

"தினமும் காலையில் எட்டு மணிக்கு விரல் ரேகை வெச்சுட்டு உள்ளே போறேன். தூசி தின்னு தின்னு இருமல் வந்திருக்கு. என் பக்கத்து நாற்காலிக்காரி பதினேழு வருஷம் வேலை பார்த்தவ. மின்னஞ்சல்ல ஒரு வரி அனுப்பி வெளியே தள்ளினாங்க. தொலைக்காட்சியில அவளை ஞோக்கின்னாங்க. நீங்களும் அதையே சொல்றீங்களே, அப்பா."

"விளையாட்டுக்குச் சொன்னேன்."

"உங்களை லபூரோன்னு சொன்னதுக்கு நிக்க வெச்சாங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க? நிக்க வெச்சவங்க பேசற பேச்சுதான் இது."

அடுத்த மேஜைகள் திரும்பிப் பார்த்தன. பெரியவர் குரலை உயர்த்தினார். சொல்லின்மேல் என்ன குற்றம், நிஜமான ஞோக்கிகள் இந்த நாட்டில் இல்லையா, அவர்களை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் முழுக்க மகள் பக்கம் இருந்தேன். மேலே இருப்பவனை அடிக்கப் பிறந்த சொல்லை மேலே இருப்பவனே எடுத்துக் கீழே வீசுகிறான். எடுத்துக் கொடுப்பதற்குத் தெருவில் வளர்ந்த நாக்குகளும் தயாராக இருக்கின்றன. ராயபுரத்திலிருந்து நான் சுமந்துகொண்டு போன நம்பிக்கை அந்த மேஜையில் ஆட்டம் கண்டது. ஞோக்கி அருமையாக இருந்தது. அதை விழுங்கத் தொண்டை இடம் கொடுக்கவில்லை.

எழுத்தாளர் ராபர்தோ ஆர்ல்ட் ஞாபகத்துக்கு வந்தார். 'எல் முந்தோ' நாளிதழில் 1928-இலிருந்து அவர் எழுதிய பத்திகளில் ஒன்று 'ஃபியாகா' பற்றியது. இன்று ஃபியாகா என்றால் சோம்பல், எழுந்திருக்க மனமில்லாமை. லா போக்கா பேட்டை ஜெனோவாக்காரர்கள் வாயில் அது சாப்பாடு இல்லாததால் வரும் உடல் தளர்ச்சியைக் குறித்தது என்கிறார் ஆர்ல்ட். பட்டினிக் களைப்பாக இருந்தது காலப்போக்கில் சோம்பேறித்தனமாகிவிட்டது. வேலையைப் பற்றிய தெருச்சொற்களைத் தேடத் தேட இந்த வழுக்கல்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

பரிமாறிய பெண் காலித் தட்டுகளை எடுக்க வந்தாள். வெனிசுவேலாவின் பர்கிசிமெத்தோ ஊர்க்காரி. பெரியவர் அவளை நடுவராக்கப் பார்த்தார்.

"நீயே சொல்லும்மா. ஞோக்கின்னு சொன்னா அவ்வளவு பெரிய குத்தமா?"

"எங்க ஊர்ல ஞோக்கின்னா சாப்பிடறது மட்டும்தாங்க" என்றாள்.

அதற்குமேல் அந்தச் சண்டையில் அவள் தலையிடவில்லை. நான் அவளிடம் வேலைக்கு அவள் என்ன சொல்லைப் பயன்படுத்துகிறாள் என்று கேட்டேன். வாடிக்கையாளரிடம் லபூரோ, அம்மாவிடம் தொலைபேசியில் ச்சம்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் அரேப்பா சுட்டு விற்கிறாள். அது 'புலி அடிப்பது'. சம்பளம் போதாமல் பக்கவாட்டில் செய்யும் வேலைக்கு வெனிசுவேலாவில் அப்படித்தான் பேர். இங்கே சில்லறை வேலைக்குச் 'ச்சாங்கா' என்பார்கள். அவளுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. "மூட்டை தூக்கற மாதிரி இருக்கு. புலி அடிக்கிறேன்னு சொன்னாத் தெம்பா இருக்கு" என்றாள். அவளுக்கு முன்னால் இந்தக் கடையில் இருந்த கொலம்பியப் பையன் இப்போது மத்ரித்தில் இருக்கிறானாம். ஒட்டகம் கிடைத்ததா என்று இவர்கள் குறுஞ்செய்தி அனுப்பினால், பக்கத்தில் யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் பதில் போடுவானாம்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததைப் பார்த்துவிட்டுப் பெரியவர் பென்குவினைச் சாய்த்து அவள் தம்ளரை நிரப்பினார். மன்னிப்பு என்று வாயால் எதுவும் சொல்லவில்லை. பாலாடைக்கட்டிக் கிண்ணத்தையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்க ஊர்ல வேலை செய்யாம நேரம் ஓட்டறதுக்கு என்ன சொல்வீங்க?" என்று மகள் என்னைக் கேட்டாள்.

"ஓபி அடிக்கிறதுன்னு சொல்வோம்."

"யார் யாரைப் பார்த்துச் சொல்வாங்க?"

இப்படி ஒரு கேள்வியை எந்த அகராதிக்காரரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். மேலாளர் கீழே இருப்பவர்களைச் சொல்வது உண்டு. ஆனால் அதிகமாகக் கேட்பது அவரவர் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுதான். மழை நாளில் கடைப் பையன் கூட்டாளியிடம், 'இன்னிக்கு முழுக்க ஓபிதான்டா' என்று முகமெல்லாம் மலரச் சொல்வான். அதை அவளிடம் சொன்னேன். தன்னைத்தானே ஞோக்கி என்று சொல்லிக்கொண்ட ஒருவரைக்கூடத் தான் பார்த்ததில்லை என்றாள் அவள்.

பெரியவர் இதற்குள் அந்தச் சொல்லை நாக்கில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். ஓபி. ஓ-பி. மேஜைக் காகிதத்தில் பென்சிலால் எழுதி, வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்தார்.

"பியோ! இனிமே எனக்கு ஃபியாகா வந்தா, பியோன்னுதான் சொல்லப்போறேன்."

"சொல்லுங்க. உங்களைப் பத்தி மட்டும் சொல்லுங்க" என்றாள் மகள், தட்டுக்கடியில் இருந்த நோட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டே.