வாசல் கடந்து வரும் தூசி

உழைப்பாளியின் உடையில் படிந்த அழுக்கை நாம் மதிக்கிறோம். மாலையில் பட்டறையிலிருந்து திரும்பும் தந்தையை, அவர் சட்டை மாற்றும் முன்பே ஓடிச்சென்று தழுவும் குழந்தைகளை நம் பங்கின் தெருக்களில் பலமுறை கண்டு மகிழ்ந்திருக்கிறோம். ஆயினும், எல்லாத் தூசியும் ஒரே தன்மையது அன்று.

பெரிலியம் என்னும் உலோகத்தை எடுத்துக்கொள்வோம். செம்புடன் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு சேர்த்தாலே செம்பு பெரும் உறுதி பெறுகிறது. சுருள்வில்களும் தீப்பொறி எழுப்பாத கருவிகளும் அக்கலவையில் செய்யப்படுகின்றன. கட்டியாக இருக்கும்வரை தீங்கில்லை. சாணை பிடிக்கையில் எழும் நுண்தூசியே நுரையீரலைத் தாக்குகிறது. நோய் பல்லாண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில், குழல்விளக்குத் தொழிலாளரிடம் கண்ட இந்நோயை மருத்துவர் ஹாரியட் ஹார்டி 1946இல் வெளிப்படுத்தினார். அந்நாட்டில் தொழிற்சாலைப் படியையே மிதித்திராத பெண்கள் சிலரையும் அது பற்றியது. கணவரின் வேலை உடைகளை உதறித் துவைத்தது ஒன்றே அவர்கள் செய்தது! கன மீட்டர் காற்றில் 2 மைக்ரோகிராம் என அங்கு 1949இல் வகுத்த வரம்பை 0.2 ஆகக் குறைக்க 2017ஆம் ஆண்டுவரை ஆயிற்று.

நம் ஊர்ப் பட்டறைகளிலோ, இன்ன கலவை என்று கேளாமலே உலோகத்தைச் சாணையில் வைப்பவர் உண்டு. வேலை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றைத் தம் உடைமீதே பீய்ச்சிக்கொள்ளும் இளைஞர்களையும் கண்டிருக்கிறோம். அக்காற்று தூசியை அகற்றுவதில்லை. மூக்கின் உயரத்துக்கு எழுப்புகிறது.

"முகமூடி வாங்கிக் கொடுத்தாலும் போடுவதில்லை, ஃபாதர்" என்றார் நமக்குத் தெரிந்த பட்டறை உரிமையாளர் ஒருவர். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால், முகமூடி கடைசிக் காவலே. வந்திறங்கும் உலோகம் இன்னதென்று கேட்டறிதல், தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சும் குழாய், ஈரத்துணியால் துடைத்தல், வேலை உடையைப் பட்டறையிலேயே களைந்து துவைக்க ஏற்பாடு: இவையே முதற்கடமைகள். இவற்றுள் பலவற்றுக்குப் பெரும் பொருட்செலவும் இல்லை.

உரிமையாளர் கூலி தருவது ஒருவருக்குத்தான். அவருடைய பட்டறைத் தூசிக்கோ, அவர் ஒருநாளும் கண்டிராத ஒரு தாயிடமும் குழந்தையிடமும் அவர் பொறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.