ஊருக்குப் போகிறோம், நாயை எங்கே விடுவது?

பள்ளி விடுமுறை நெருங்கும்போது சிராங்கூன் ரோட்டுக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். முஸ்தபாவில் சாக்லேட் பாக்கெட்டுகள் கூடை கூடையாய் நகரும். புதுப் பெட்டி வாங்கும் அப்பாக்கள் அதை ஒரு கையால் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள், பெட்டியே இவ்வளவு கனமென்றால் சாமானை எங்கே வைப்பது என்ற கவலையோடு. வானொலியில் “விடுமுறைக்கு எங்கே போறீங்க?” என்று ஒரு கேள்வியைப் போட்டால் போதும். திருச்சி, மதுரை, சென்னை, யாழ்ப்பாணம் என்று குறுஞ்செய்திகள் கொட்டும்.

சில ஆண்டுகளாக அந்தச் செய்திகளுக்கு நடுவே இன்னொரு கேள்வியும் எட்டிப் பார்க்கிறது. “ஊருக்குப் போறோம், நாயை எங்கே விடுறது?”

ஊரில் இது கேள்வியே இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறலாம். மீந்த சோறும் குழம்பும் நேரத்துக்கு விழும், நாயும் வாசலிலேயே கிடக்கும். சிங்கப்பூரில் வாசல் என்பது பொது நடைபாதை. வீவக வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். நம் நாட்டுத் தெருநாய் வகையான ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ நாய்களைத் தத்தெடுக்க 2012இல் தொடங்கிய ‘அடோர்’ திட்டம் தனி வழி திறந்தது. அங்கும் ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான். ஏற்கெனவே நாய் வைத்திருக்கும் நண்பரிடம் போய் இரண்டு வாரத்துக்கு என் நாயையும் பார்த்துக்கொள் என்று கேட்பது அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவதாகும். நாயே இல்லாத நண்பரின் வீட்டிலோ நாயைக் கண்டு பயப்படும் ஒரு பாட்டி இருப்பார்.

கூடவே அழைத்துப் போகலாமே என்றால் அதுவும் எளிதில்லை. சிங்கப்பூர் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு. அந்தப் பெயரைக் காப்பாற்ற, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் நாய்களுக்குத் தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, அனுமதிச் சீட்டு, தனிமைப்படுத்தும் நிலையத்தில் வாசம் என்று வரிசையாக நிபந்தனைகள் உண்டு. இரண்டு வார விடுமுறைக்கு அது கட்டுப்படியாகாது. கூட வந்த நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்குள் வரமாட்டேன் என்று நின்றார் தருமர். நாம் திருச்சிக்குப் போகவே நாயை விட்டுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

எனவே நாய்களுக்கான பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களும் இரவுத் தங்கும் விடுதிகளும் இங்கே ஒரு தொழிலாக வளர்ந்திருக்கின்றன. அந்தத் தொழிலைப் பார்க்கப் போகுமுன் லிட்டில் இந்தியாவிலேயே கொஞ்ச நேரம் நிற்பது நல்லது.

எருமைக் கொட்டில் இருந்த ஊர்

தேக்கா சந்தையை ஒட்டிப் போகும் பஃபலோ ரோட்டின் பெயர் நமக்குப் பழகிப்போய்விட்டது. அதற்குப் பக்கத்திலேயே கெர்பாவ் ரோடு. மலாயில் ‘கெர்பாவ்’ என்றாலும் எருமைதான். நம்மில் பலர் பிறந்த கே.கே. மருத்துவமனையின் முழுப்பெயரில் இருக்கும் ‘கண்டாங் கெர்பாவ்’ எருமைக் கொட்டிலைக் குறிக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தில் தண்ணீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்தன. மாட்டு வியாபாரம் இங்கே வேர்விட்டது. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் பெலிலியோஸ் அப்படித் தொழில் செய்தவர்களில் ஒருவர். பெலிலியோஸ் ரோடு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாடு மேய்க்க, பால் கறக்க, வண்டி ஓட்ட என்று தமிழர்களும் வட இந்தியர்களும் வந்து சேர்ந்தார்கள். நாம் இன்று இட்லி சாப்பிடும் தெருக்களில் ஒருகாலத்தில் மாடுகள் அசைபோட்டன.

சற்றுத் தள்ளி ரேஸ் கோர்ஸ் ரோடு. 1842இல் தொடங்கிய குதிரைப் பந்தயச் சங்கத்தின் திடல் இங்கேதான், ஃபேரர் பார்க் பக்கம் இருந்தது. குதிரைகள் 1933இல் புக்கித் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் இடம் மாறின. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியதோடு அந்தக் கதையும் முடிந்தது.

விலங்குகளைத் தங்கவைத்துப் பராமரிப்பது இந்த நகரத்துக்கு என்றுமே புதிதில்லை. நகரம் பெருக்கப் பெருக்க அவை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டன, அவ்வளவுதான். பொங்கல் நாட்களில் மட்டும் மாடுகள் லிட்டில் இந்தியாவுக்கு விருந்தாளியாக வந்து, பிள்ளைகளின் கையால் புல் தின்றுவிட்டுப் போகின்றன.

தேக்காவிலிருந்து சுங்கை தெங்கா

அந்த ஓரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி தோபி காட்டில் மாறி, சிவப்புத் தடத்தில் சுவா சூ காங் வரை போகலாம். நாயோடு போக முடியாது. எம்ஆர்டியிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய்களுக்கு மட்டுமே இடம். செல்லப்பிராணியை ஏற்றும் வாடகை வண்டியை முன்பதிவு செய்ய வேண்டும், அல்லது விடுதியின் வேன் வீட்டுக்கே வரும். இந்தத் தொழிலின் செலவில் ஒரு பங்கு சாலையிலேயே போய்விடுகிறது.

சுவா சூ காங்கிலிருந்து மேற்கே போகப்போக வானம் பெரிதாகிறது. ஒருபக்கம் புதிதாக எழும் தெங்கா நகரின் அடுக்குமாடிகள், இன்னொரு பக்கம் செடி வளர்ப்புப் பண்ணைகள். தெங்கா விமானப்படைத் தளத்தின் போர் விமானங்கள் அவ்வப்போது தலைக்குமேல் காற்றைக் கிழித்துக்கொண்டு போகின்றன. ஞாயிறுதோறும் தேக்காவில் நாம் பார்க்கும் ஊழியர்களில் பலர் தங்கியிருக்கும் பெரிய விடுதியும் இந்தப் பக்கம்தான். அவர்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கும் ஊர்ப் பேச்சுக்கும் லிட்டில் இந்தியா நோக்கி வரும் அதே சாலையில், நம் வீட்டு நாய்கள் எதிர்த்திசையில் போகின்றன.

சுங்கை தெங்காவில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 2016 முதல் இயங்குகிறது. அருகே ‘தி அனிமல் லாட்ஜ்’ என்ற வளாகம் இருக்கிறது. பாசிர் ரிஸ் முதலிய இடங்களில் பண்ணைக் குத்தகை முடிந்தபோது, அங்கிருந்த ஆதரவற்ற விலங்குக் காப்பகங்களுக்கும் செல்லப்பிராணிப் பண்ணைகளுக்கும் மாற்றிடமாக அரசு ஏற்படுத்தியது அது. கண்ணுக்கு முன்னால் காதுதான் இடத்தை அடையாளம் காணும். ஒரு நாய் குரைக்க, அடுத்தது பதில் சொல்ல, அலை அலையாய்ச் சத்தம் வளாகம் முழுக்கச் சுற்றி வரும். அக்கம்பக்கத்தில் குடியிருப்பு இல்லாததால்தான் அந்தச் சத்தத்துக்கு இங்கே இடம் கிடைத்திருக்கிறது.

பகலும் இரவும்

நகருக்குள்ளும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் நாய் பத்து மணி நேரம் தனியாகக் கிடக்கும். தனிமையில் அது குரைத்தால் பக்கத்து வீட்டார் புகார் செய்வார்கள். அதற்குப் பயந்தே பலர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாயை அனுப்புகிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டுத் தொழில் போலத்தான் தெரியும். உள்ளே அது பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கலந்த வேலை. முதலில் சோதனை நாள். புது நாய் மற்ற நாய்களைக் கண்டால் எப்படி நடந்துகொள்கிறது, உணவுக் கிண்ணத்தைத் தொட்டால் உறுமுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அளவும் குணமும் பார்த்துக் குழு பிரிப்பார்கள். ஒரு ஷிவாவாவையும் பெரிய நாயையும் ஒன்றாக ஓடவிட்டால், பெரியது விளையாட்டாகக் கால் வைத்தாலும் சின்னதற்கு எலும்பு முறியும். சாப்பாடு தனித்தனியாக. மதியம் கட்டாய ஓய்வு, ஏனென்றால் களைத்த நாய்கள்தான் சண்டை போடும். நம் ஊர் வெக்கையில் மூக்கு சப்பையான பக், பிரெஞ்சு புல்டாக் போன்றவை மூச்சு வாங்கத் தொடங்கினால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அவற்றைக் கண்ணில் வைத்துக் காக்க ஓர் ஆள் வேண்டும்.

ஒரு நாய்க்குத் தொற்று வந்தால் கூடம் முழுக்கப் பரவும். பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகளுக்கான அட்டையைக் காட்டாமல் நல்ல நிலையங்கள் உள்ளே விடுவதில்லை. நாய் இருமலுக்கான தடுப்பூசியும் உண்ணிக்கான மருந்தும் அதே போல.

பணக்கணக்கும் லேசானதில்லை. டிசம்பர், ஜூன், சீனப் புத்தாண்டு நாட்களில் இடமே கிடைக்காது. மற்ற வாரங்களில் அறைகள் காலியாகக் கிடக்கும், வாடகையும் சம்பளமும் மட்டும் நிற்காது. இரவுக்கு 60 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு வாரத்துக்கு 840 வெள்ளி ஆகிறது. ஊருக்குப் போகும் ஓர் ஆளின் விமானக் கட்டணத்தைத் தாண்டிவிடக்கூடிய தொகை அது. விடுமுறைக் கூட்டத்தில் நாலு நாய் கூடுதலாகச் சேர்த்தால் மந்த மாதங்களின் நட்டம் தீரும் என்ற ஆசை ஒரு நிலையத்துக்கு வருவது இயல்பு. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. நாய் கூடுகிறது, ஆள் கூடுவதில்லை.

இரவை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். நள்ளிரவில் இடி இடிக்கும்போது, புது இடத்தில், பழகிய மணம் எதுவும் இல்லாமல் ஒரு நாய் நடுங்கும். சில நாய்கள் கதவைப் பிறாண்டி நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார ஒரு மனிதர் இருக்கிறாரா, அல்லது கேமரா மட்டும்தான் விழித்திருக்கிறதா? கொடுக்கும் பணத்தின் மதிப்பு இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

2018 டிசம்பர்

இது வீண் பயமில்லை. 2018 ஆண்டிறுதி விடுமுறையில், ஒரு தரைவீட்டில் நடத்தப்பட்ட நாய் விடுதி நாடு முழுக்கப் பேசப்பட்டது. விலங்குகள் மோசமான நிலையில் வைக்கப்பட்டிருப்பதாகப் புகார்கள் எழுந்தன. அதிகாரிகள் அங்கிருந்து 18 நாய்களையும் ஒரு முயலையும் மீட்டார்கள். ஷெட்லண்ட் ஷீப்டாக் இன நாய் ஒன்றை விட்டுச் சென்ற குடும்பத்துக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. காணவில்லை என்று தேடினார்கள். அது இறந்துவிட்டது, உடலும் எரிக்கப்பட்டுவிட்டது என்று பிறகுதான் தெரிய வந்தது. விடுதி நடத்தியவருக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது.

அதன் பின் வந்த மாற்றங்களில் முக்கியமானது 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய உரிம நிபந்தனைகள். தங்குமிடம், அன்றாடப் பராமரிப்பு, உடல்நலம், பதிவேடு என்று எல்லாவற்றுக்கும் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவு விதிகளைக் கடுமையாக்கியது. நல்லபடி நடத்துபவர்களுக்கு இது கூடுதல் செலவுதான். ஆனால் மலிவான கட்டணத்தைக் காட்டி இழுப்பவர்களோடு போட்டி போட வேண்டிய அவர்களுக்கு, விதி ஒரு பாதுகாப்பும்கூட.

இருந்தாலும் விதி எல்லா அறைக்குள்ளும் நள்ளிரவில் எட்டிப் பார்க்க முடியாது. பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டால், மாலையில் வந்து யார் அடித்தார்கள், யார் சோறு தரவில்லை என்று மழலையிலாவது சொல்லிவிடும். நாய் சொல்லாது. வாயில்லா ஜீவனை வைத்துச் செய்யும் தொழிலில் வாடிக்கையாளர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர். அதனால் பணம் கொடுப்பவர்தான் இருவருக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கேட்கத் தயங்க வேண்டாம்

விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்பே நேரில் போய்ப் பாருங்கள். வரவேற்பறையோடு நிற்காமல் நாய்கள் தூங்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உரிமம் இருக்கிறதா, ஓர் ஊழியருக்கு எத்தனை நாய், இரவில் யார் தங்குகிறார், அவசரம் என்றால் எந்த மருத்துவமனை என்ற நாலு கேள்விக்கும் நேரான பதில் வர வேண்டும்.

முதல் தடவையே இரண்டு வாரம் விடாதீர்கள். ஒரு பகல், பிறகு ஓர் இரவு என்று பழக்குங்கள். வழக்கமான உணவைக் கட்டிக் கொடுங்கள், திடீரென்று மாற்றினால் வயிறு கெடும். துவைக்காத பழைய சட்டை ஒன்றையும் கூடவே கொடுங்கள். இடிச்சத்தம் கேட்கும் இரவில் உங்கள் வியர்வை மணம் அதற்குப் பெரிய ஆறுதல். நீங்கள் விமானத்தில் இருக்கும்போது முடிவெடுக்க, சிங்கப்பூரிலேயே இருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்ததும் நாய் எப்படியும் குதித்துக் கொண்டாடும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எடை குறைந்திருக்கிறதா, பாதத்தில் புண் இருக்கிறதா, காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உண்மையான பதிலுக்கு அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு அந்த விடுதி வாசலில் வண்டி நின்றதும் அது கதவுக்கு முன்னால் ஓடுகிறதா, இருக்கைக்கு அடியில் ஒளிகிறதா என்று பாருங்கள்.