மாட்டுங்காவில் ஒரு முகவரி



மும்பையில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட தமிழர் எவரையேனும் நிறுத்தி, "மாட்டுங்கா எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்வதற்கு முன்பாகவே அங்கே என்னென்ன கிடைக்கும் என்று சொல்லத் தொடங்கிவிடுவார். நுனி கிழியாத வாழையிலை, முருங்கைக்காய், வாழைப்பூ, சேப்பங்கிழங்கு, தொடுத்த மல்லிகைச் சரம், நம் கண்முன்னே அரைத்துத் தரும் காப்பித்தூள் என்று பட்டியல் நீளும். தாராவியிலும் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் குடியிருக்கும் நம்மில் அநேகர், வீட்டில் ஒரு விசேஷம் என்றால் இன்றைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது இந்த நிலையத்தில்தான்.

ஆனால் இந்தக் கடைத்தெரு தானாக முளைத்தது அன்று. மாட்டுங்கா காகிதத்தில் கோடு போட்டுப் பிறந்த ஊர். 1896-ஆம் ஆண்டு பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. நெருக்கடியான சால்களில் ஜனங்கள் மாண்டார்கள். பிழைத்தவர்களில் பெருந்தொகையினர் நகரத்தை விட்டே ஓடினார்கள். ஆலைகள் நின்றன, துறைமுகம் தடுமாறியது. வணிகம் படுத்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் அரசாங்கம் 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. அந்த டிரஸ்ட் தெற்கே நெரிசலான பேட்டைகளை இடித்து அகலச் சாலைகள் வெட்டியது. வடக்கே வயலும் தோப்புமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளைக் கையகப்படுத்திப் புதிய குடியிருப்புகளுக்குத் திட்டம் வகுத்தது. அத்திட்டங்களில் 5-ஆம் எண்ணும் 6-ஆம் எண்ணும்தான் நாம் இன்று நடமாடும் மாட்டுங்கா.

நம் நகரங்களில் வழக்கமாக வீடு முதலில் வரும். சாலை பின்னால் வரும். சாக்கடை வந்தாலும் வரும், வராமலும் போகும். இங்கே அந்த வரிசை தலைகீழானது. முதலில் சாலை, கழிவுநீர்க் குழாய், தோட்டம். அதன் பிறகே மனைகள் குத்தகைக்கு விடப்பட்டன. ஐந்து தோட்டங்கள் என்று நாம் அழைக்கும் இடத்தையும், கிங்ஸ் சர்க்கிள் என்று பெயர் பெற்று இப்போது மகேஸ்வரி உத்யான் என வழங்கும் வட்டப் பூங்காவையும் ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். நூறாண்டுக்கு முன் நட்ட ஒழுங்கு இன்னும் மரநிழலில் தெரிகின்றது.

கோடு போட்டவுடன் ஊர் நிறைந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மனைகள் பல காலம் காலியாகவே கிடந்தன. 1920-களிலும் 30-களிலும்தான் மூன்று மாடிக்கு மிகாத அடுக்குக் கட்டிடங்கள் வேகமாக எழும்பின. அவற்றில் குடியேறியவர்களில் முக்கியமானோர், தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு கணக்கர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் தெற்கேயிருந்து வந்தவர்கள். சாலில் நடைக்கோடியில் பொதுக் கழிப்பறை. இந்தப் புதிய கட்டிடங்களிலோ குளியலறையும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே. ஊரில் கொல்லைப்புறத்தின் கோடியில் இருந்த ஒன்று அடுப்படிக்குப் பக்கத்தில் வந்துவிட்டதை ஆசாரம் பார்த்த குடும்பங்கள் எப்படித்தான் ஏற்றுக்கொண்டனவோ! மாதச் சம்பளம், கதவைச் சாத்தினால் தனி வீடு, திறந்தால் நம் பாஷை பேசும் அண்டைவீடு. இம்மூன்றும் சேர்ந்து தயக்கத்தைப் போக்கியிருக்கவேண்டும்.

ஊரின் ஜீவனம் இரண்டு கால்களில் நின்றது. ஒன்று ரயில். 1915-இல் தொடங்கிய மாட்டுங்கா ரயில்பெட்டிப் பணிமனை இன்றைக்கும் மத்திய ரயில்வேயின் பெட்டிகளைப் பழுதுபார்க்கின்றது. கிழக்கே மத்தியப் பாதையின் மாட்டுங்கா நிலையம், மேற்கே மேற்குப் பாதையின் மாட்டுங்கா ரோடு, இரண்டையும் இணைக்கும் வளைந்து வளைந்து செல்லும் இசட் பாலம், தனியே கிங்ஸ் சர்க்கிள் நிலையம் என்று எந்தத் திசையில் வேலை கிடைத்தாலும் போய்வர வசதி இருந்தது. மாட்டுங்கா நிலையம் 2017-இல் முழுவதும் பெண் ஊழியர்களாலேயே நடத்தப்படத் தொடங்கி, 2018-இல் லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றதை வாசகியர் பலர் அறிந்திருப்பீர்கள்.

இன்னொரு கால், கல்வி. நடந்து போகும் தூரத்துக்குள் இத்தனை கல்விக்கூடங்கள் அடர்ந்திருக்கும் பேட்டை மும்பையில் வேறு இல்லை என்பது என் எண்ணம். பைகுல்லாவில் 1887-இல் பிறந்த விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் 1923-இல் இங்கே இடம் பெயர்ந்தது. இப்போது அதன் பெயர் வீரமாதா ஜீஜாபாய். பல்கலைக்கழகத்தின் இரசாயனத் தொழில்நுட்பத் துறை 1933-இல் ஆரம்பமாகி 1943-இல் இங்கே வந்தது. 2008-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ரூயா, கால்சா, போதார் கல்லூரிகள் 1937-க்கும் 1941-க்கும் இடையில் எழுந்தவை. எல்லாவற்றுக்கும் மேலாக நம்மவர்கள் 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம். வந்து இறங்கிய தலைமுறை, தனக்கு வீடு வாங்குமுன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியது. சயானில் உள்ள அச்சங்கத்தின் கல்லூரி 1960-இல் வந்தது.

உணவைப் பற்றிச் சொல்லாமல் மாட்டுங்காவைக் கடக்க முடியாது. 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், 1942-இல் தொடங்கிய ராமா நாயக் உடுப்பிச் சாப்பாட்டு விடுதி ஆகிய இரண்டுக்கும் வாசலில் இன்னும் வரிசை நிற்கின்றது. பெயரில் மெட்ராஸ் இருந்தாலும் நடத்துகிறவர்கள் கன்னடக் கடற்கரையைச் சேர்ந்தவர்கள். இம்மாநகரத்துக்கு விந்திய மலைக்குத் தெற்கே உள்ள யாவரும் ஒரே "மதராஸி" அல்லவா! தனிக்கட்டைகளாக வந்து ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருந்த இளைஞர்களுக்கு இந்த விடுதிகளே தாயின் கைச்சோறாக இருந்தன.

அந்த ஒரே பெயர் ஒரு காலத்தில் பாரமாகவும் மாறியது. 1960-களில் "மார்மிக்" என்னும் மராத்தி வார இதழ், அலுவலகங்களில் பணிபுரியும் தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966 ஜூன் மாதத்தில் சிவசேனா பிறந்தது. மண்ணின் மைந்தருக்கே வேலை என்ற முழக்கத்தில் முதலில் அடிபட்டது தெற்கத்தியர். இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1963-இல்தான் சண்முகானந்தா அரங்கம் கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகே திறக்கப்பட்டிருந்தது. அது 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் திறக்கப்பட்டது. வேலைக்காக வந்தவர்கள் வேரூன்றிவிட்டார்கள் என்பதற்கு அந்தக் கட்டிடத்தைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இனி வருங்காலத்துக்கு வருவோம். இங்கேதான் உங்களோடு சற்று நிதானமாகப் பேச விரும்புகின்றேன்.

பழைய மூன்றடுக்குக் கட்டிடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு, அவ்விடங்களில் கோபுரங்கள் எழுகின்றன. இக்கட்டிடங்களில் அநேகம் பகடி முறையில் உள்ளவை. குடிவரும்போது பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பின்னர் அற்ப வாடகை செலுத்தி வாழும் முறை இது. 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் வளர்ந்து, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெளிப்படையாக அங்கீகாரம் பெற்றது. வாடகை உயராததால் உரிமையாளர் பழுதுபார்ப்பதில்லை. பழுதுபாராததால் கட்டிடம் சரிகின்றது. 1969-இல் இதற்கென வாரியம் ஏற்படுத்திச் செஸ் வரி வசூலித்தார்கள். தீவு நகரத்தில் அன்று கணக்கெடுத்த செஸ் கட்டிடங்கள் ஏறத்தாழ 19,600. இன்று மறுகட்டுமானத்தில் பழைய குடித்தனக்காரருக்குப் புது வீடு உரிமையாகக் கிடைக்கின்றது. ஆனால் உயர்ந்த கட்டிடத்தின் மாதாந்திரப் பராமரிப்புச் செலவு பழைய வாடகையைப் போல் பன்மடங்கு. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் புறநகருக்கு நகர்வதற்கு இது ஒரு காரணம். பல காலமாகவே நம்மவர் செம்பூருக்கும் டோம்பிவிலிக்கும் போய்க்கொண்டிருக்க, கச்சி குஜராத்திக் குடும்பங்கள் இங்கே பெருகியுள்ளன. வாழைப்பூ விற்கும் கடைக்காரர் குஜராத்தியில் கணக்கும் தமிழில் விலையும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

மழைநீர் இன்னொரு தொல்லை. திட்டமிட்ட ஊராக இருந்தும் கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் பள்ளத்தில் கிடப்பதால், பெருமழையும் கடலேற்றமும் சேர்ந்துவிட்டால் வடிகால் வடியாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த 2005 ஜூலை 26 அன்று மட்டுமல்ல, சாதாரண ஆடி மழைக்கும் அங்கே முழங்காலளவு தண்ணீர் நிற்கும். இத்தண்ணீரை இறைப்பதற்கென்று எண்ணிய மாகுல் நீரேற்று நிலையம் நிலம் கிடைக்காமல் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. ஆனால் குடியிருப்போர் விழித்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இவ்வூரிலேயே உதாரணம் உண்டு. அம்பேத்கர் சாலை மேம்பாலத்தின் அடியை வாகனங்களும் குப்பையும் பிடித்துக்கொள்ளாதபடி மக்கள் விடாமல் போராடி, அங்கே நடைபாதையோடு ஒரு பூங்காவையே பெற்றுக்கொண்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் ரயில் பாதைக்கு அப்பால், லேபர் கேம்ப்பையும் 90 அடி சாலையையும் தாண்டி நடக்கின்றது. விடியற்காலையில் இட்லி வேகவைத்து, அண்டாவைத் தலையில் சுமந்து மாநகரமெங்கும் விற்கப் புறப்படும் நம் ஜனங்களின் தாராவியைத்தான் சொல்கின்றேன். ஏறத்தாழ 600 ஏக்கரை மாற்றியமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டுத் தேர்வாயிற்று. 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. 2025 மே மாதத்தில் பெருந்திட்டத்துக்கு அரசு ஒப்புதல் அளித்தது. அதே மாதம் தாராவியில் சுரங்க மெட்ரோ நிலையமும் திறக்கப்பட்டது.

அறிவித்த விதிகளைக் கவனமாக வாசியுங்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசித்தவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். 2000-க்கும் 2011 ஜனவரி 1-க்கும் இடையில் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை இலட்ச ரூபாய்க்கு. மேல்தளத்தில் குடியிருப்போருக்கும், அதற்குப் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தோருக்கும் வெளியே வாடகை வீடோ தவணைக் கொள்முதலோதான். ஆகவே ஒரு குடும்பம் உள்ளே இருப்பதும் வெளியே போவதும், பழைய வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது, ரேஷன் அட்டை ஆகிய தாள்களைப் பொறுத்தது.

இதில் நம்மவருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கின்றது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். மராட்டிய அலுவலகத்தில் அந்த எழுத்தை ஒருவர் விரித்து எழுதுவார், ஒருவர் விட்டுவிடுவார், ஒருவர் ஊர்ப்பெயரைச் சேர்த்துவிடுவார். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், மின்ரசீதில் இறந்துபோன மாமனார் பெயர். கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும் நாளில் இவற்றைச் சரிசெய்ய அவகாசம் இராது. பெயர்மாற்ற உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் பிடிக்கும். அடுத்த முறை வாழையிலை வாங்க மாட்டுங்காவில் இறங்கும்போது, அந்தத் தாள்களையும் பையில் எடுத்துச் சென்று, நிலையத்துக்கு வெளியே நகல் எடுக்கும் கடையில் இரண்டிரண்டு பிரதிகள் எடுத்து வையுங்கள். ஒரு பிரதி ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டில் இருக்கட்டும். தாராவியில் ஒரு தீயும் ஒரு வெள்ளமும் எத்தனை தாள்களைக் கொண்டுபோயின என்று அங்குள்ள பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.